ஊசிமுனைக் கசிவு

"கையைத் தூக்கியே பிடிங்க அண்ணி! கீழே இறக்க விடாதீங்க!"

கத்திக்கொண்டே சின்னவன் வேனைப் பின்னுக்கு எடுத்தான். பட்டறை வாசலில் நின்ற காலி ஆயில் பீப்பாய் பம்பரில் இடிபட்டு உருண்டது. உருளட்டும். இறங்கிப் பார்க்க நேரமில்லை. மணி பதினொன்று ஐந்து. அண்ணன் விரலில் குத்தியது பத்துக்கு. ஒரு மணி நேரமும் ஐந்து நிமிஷமும் தண்டமாகப் போயிருந்தது.

வேனின் முன்சீட்டில் மூன்று பேர். ஸ்டீயரிங்கில் சின்னவன். ஜன்னலோரம் அவனுடைய அண்ணன், எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையோடு. நடுவில் அண்ணி, புருஷனின் வலதுகையை மணிக்கட்டில் பிடித்து ஏதோ கொடிக்கம்பம் மாதிரி நிமிர்த்தி வைத்திருந்தாள்.

"அவன்கிட்ட சொல்லு," என்றார் அண்ணன், எதிரே ரோட்டைப் பார்த்தபடி. "ஒரு எறும்புக்கடிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடற அளவுக்கு எனக்கு இன்னும் மூளை கெடலைன்னு சொல்லு."

"உங்க அண்ணன் என்ன சொல்றார்னா..."

"காதுல விழுந்துது அண்ணி. எறும்பு இல்லை, எண்ணெய்னு திருப்பிச் சொல்லுங்க."

"வெந்நீர் ஒத்தடம் போதும்னு சொல்லு அவன்கிட்ட."

"சூடு பட்டா இன்னும் சீக்கிரம் பரவும்னு சொல்லுங்க அவர்கிட்ட."

"நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால் பெட்டியா?" அண்ணி வெடித்தாள். "எட்டு மாசமா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காம இருந்தது போதாதா? இன்னைக்கும் வேணுமா இந்த வீம்பு?"

எட்டு மாதம்தான். அத்தனை நாளில் அண்ணன் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று காலையும் கூப்பிட்டது அண்ணிதான். "தம்பி, உங்க அண்ணன் விரல் மெழுகுவத்தி மாதிரி வெளுத்துப் போச்சு. தொட்டா உணர்ச்சியே இல்லைங்கிறார். ஆனா ஸ்பேனரைக் கீழே வைக்க மாட்டேங்கிறார்." போனில் அவ்வளவு கேட்டதுமே, பாதி ஒட்டிய பஞ்சரை அப்படியே போட்டுவிட்டு, டயர் கடை முதலாளியின் வேன் சாவியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு பறந்து வந்திருந்தான்.

ஓரக்கண்ணால் விரலைப் பார்த்தான். வலது ஆள்காட்டி விரல். நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி, கடுகைவிடச் சின்னது. ரத்தம் கூட இல்லை. அதுதான் பயம். ரத்தம் கொட்டியிருந்தால் அண்ணனே ஓடி வந்திருப்பார்.

பட்டறைக்கு இன்று வந்திருந்தது ஒரு பால்பண்ணைக்காரரின் சாம்பல் நிற டிராக்டர். அதை ஓட்டுகிறவரைவிட அதற்கு வயது அதிகம். பின்னால் கலப்பையைத் தூக்கி நிறுத்தும் ஹைட்ராலிக் லிப்ட்டில் கோளாறு. எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை. அப்படியென்றால் பம்ப்பிலிருந்து லிப்ட்டுக்குப் போகும் இரும்புப் பைப்பில் எங்கோ ஊசிமுனைத் துளை விழுந்திருக்கிறது. எண்ணெய் சொட்டாமல் புகையாகப் பறக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, கலப்பையைத் தூக்கிப் பிடித்து, துளை எங்கே என்று அண்ணன் பைப் நெடுகிலும் விரலை ஓட்டியிருக்கிறார்.

வெறும் விரலை!

"அட்டை எங்கே போச்சு?" சின்னவன் பொறுக்கமாட்டாமல் நேராகவே கேட்டுவிட்டான். "கசிவைக் கையால தேடாதே, குச்சியில அட்டையைச் செருகிக் காட்டு, ஈரக் கோடு விழுற இடந்தான் ஓட்டைன்னு சொன்னது யாரு? நான் ஒரு தடவை கையை நீட்டினதுக்கு ஸ்பேனரை எறிஞ்சது யாரு?"

அண்ணி ஏனோ கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

சின்னவனுக்கு இந்தக் காயத்தின் லட்சணம் தெரியும். கல்குவாரியில் மண்வாரி இயந்திரம் ஓட்டிய ஒருவர், காலையில் விரலில் குத்தியதைத் துணியால் துடைத்துவிட்டு சாயங்காலம் வரை வேலை பார்த்தார். மறுநாள் முழங்கை வரை வீக்கம். நாலாம் நாள் முழங்கையே இல்லை. எண்ணெய் தோலுக்கு அடியில் புகுந்து, நரம்போடு நரம்பாக வழுக்கிக்கொண்டே மேலே ஏறும். போகிற வழியெல்லாம் சதையைக் கொன்றுகொண்டே போகும்.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். ஒரு காலைக் கெடுத்தாகிவிட்டது. இந்தக் கையையாவது காப்பாற்றியாக வேண்டும்.

*

கெட்டது ஒரு கிழங்கு விவசாயியின் கால்.

அந்த வட்டாரத்தில் அண்ணனுக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர். டிராக்டரைச் சுற்றி ஒரு நடை நடந்து, லிப்ட் மூடியைத் திறக்காமலே, உள்ளே எந்த ரப்பர் சீல் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். புது வண்டிக்காரர்கள் கம்பெனி சர்வீஸுக்குப் போவார்கள். அப்பன் காலத்து வண்டி வைத்திருப்பவர்கள் எக்ஸ்ரேயிடம்தான் வருவார்கள். சின்னவன் பதினோரு வருஷம் அவருக்கு வலதுகையாக இருந்தான்.

அன்று கிழங்குக்காரரின் வண்டிக்கு லிப்ட் பிஸ்டனில் ரப்பர் ரிங் மாற்ற வேண்டியிருந்தது. வளையல் மாதிரி ஒரு ரிங், அவ்வளவுதான். ஆனால் தூக்கின கலப்பை தொங்குவது அதன் பலத்தில். சின்னவன் ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றிக் கொடுத்தான். அண்ணன் பிஸ்டனை சிலிண்டருக்குள் தள்ளி மூடியை முறுக்கினார். எப்போதும் அதுதான் அவர்கள் வழக்கம். ஏற்றுவது தம்பி, தள்ளுவது அண்ணன்.

மூன்றாம் நாள் கிழங்குக்காரர் கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டு, அடியில் முட்டுக்கட்டை கொடுக்காமல், போல்ட்டை முடுக்கக் குனிந்தார். உள்ளே ரிங் பிய்ந்தது. கலப்பை விழுந்தது. வலது பாதத்தில் பாதி அங்கேயே போயிற்று.

அடுத்த நாள் அவருடைய சொந்தக்காரர்கள் பட்டறை நிறைய வந்து நின்றார்கள். அண்ணன் மூடியைத் திறந்தார், பிஸ்டனை உருவினார், ரிங்கை எடுத்துப் பெருவிரல் நகத்தால் ஒரு சுற்று வருடினார். வெட்டு இருந்த இடத்தில் நகம் நின்றது.

"ஏத்தும்போதே ஸ்க்ரூடிரைவர் பட்டிருக்கு," என்றார், அத்தனை பேர் முன்னாலும். "நான் தள்ளினப்பவே இது அறுந்த ரிங். இதை ஏத்தினது என் தம்பி."

ஸ்க்ரூடிரைவரைத் தொட்டதாகச் சின்னவனுக்கு நினைவில்லை. கிரீஸ் தடவி விரலால்தான் ஏற்றுவான். ஆனால் சொன்னது எக்ஸ்ரே. இரும்புக்கு உள்ளேயே பார்க்கிற கண், விரல் நுனியில் இருக்கும் ரிங்கைத் தப்பாகப் பார்க்குமா? அன்று ராத்திரியே தன் ஞாபகத்தைத் தானே சந்தேகிக்க ஆரம்பித்தான். ஒரு வாரத்தில், ஸ்க்ரூடிரைவரின் சிவப்புக் கைப்பிடி தன் உள்ளங்கையில் இருந்தது கூட ஞாபகம் வந்துவிட்டது.

பட்டறையை விட்டு அனுப்பப்பட்டான். அவன் கை பட்ட வண்டியை யாரும் நம்பவில்லை. பேசி முடித்திருந்த கல்யாணம் பேச்சோடு நின்றது. டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமையானால் கிழங்குக்காரரின் நிலத்துக்குப் போய்ப் பாத்தி பிடித்துக் கொடுத்துவிட்டு வருகிறான். அவர் கட்டிலில் கிடந்தபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் மனைவி வேலியோரம் ஒரு சொம்பு தண்ணீரை வைத்துவிட்டுப் போவாள். கையில் கொடுக்க மாட்டாள்.

*

வேறு டாக்டரின் சீட்டு இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே விடமாட்டார்கள். அதனால் முதலில் வழியிலிருந்த சின்ன மருத்துவமனை. வேனிலிருந்து இறங்கிய அண்ணன் நாலடி நடந்து, வாசல் கிரில் கதவில் தோளை இடித்துக்கொண்டார். அண்ணி ஓடிப்போய் முழங்கையைப் பற்றினாள்.

"பார்த்து வரக்கூடாதா அண்ணே?"

"வலியில நடக்கறவரை நை நைன்னு பிடுங்காதீங்க தம்பி," என்றாள் அண்ணி சுருக்கென்று.

உள்ளே இருந்த டாக்டருக்கு மீசை இன்னும் முழுசாகச் சேரவில்லை. விரலைத் திருப்பிப் பார்த்தார். "முள்ளு மாதிரி இருக்கு. ஒரு ஊசி போட்டுடறேன். ரெண்டு நாள் நனைக்காம வெச்சுக்குங்க."

"சொன்னேனில்ல?" என்றார் அண்ணன் அண்ணியிடம். "கிளம்பு. பட்டறையில வண்டி திறந்தபடி கிடக்கு."

"டாக்டர், முள்ளு இல்லை. எண்ணெய். ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கு." சின்னவன் மேஜைமேல் கையை ஊன்றினான்.

"நீங்க டாக்டரா?"

"பஞ்சர் ஒட்டறவன்."

டாக்டரின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"சிரிங்க. உங்க கார் டயருக்கு நான் அடிக்கிறது முப்பது பவுண்டு காத்து. இவர் விரல் வெச்ச பைப்புல ரெண்டாயிரம் பவுண்டு. முப்பதுக்கே டியூப் வெடிக்குது. ரெண்டாயிரம் தோலைக் கேட்டுட்டா உள்ளே போகும்? விரல் நுனியில நுழைஞ்சது இப்ப உள்ளங்கையில நிக்குதோ, மணிக்கட்டுல நிக்குதோ! தயவு பண்ணி ஒரு சீட்டு எழுதுங்க. நான் சொல்றது தப்பா இருந்தா, உங்க நாலு டயரையும் கழட்டிக் கழுவிக் கொண்டுவந்து மாட்டறேன்."

"சும்மா இருக்கச் சொல்லு அவனை," என்று அண்ணன் உறுமினார்.

மூலையில் பஞ்சு கிழித்துக்கொண்டிருந்த நர்ஸம்மா எழுந்து வந்தாள். தலை பாதி நரைத்தவள். ஒன்றும் பேசாமல் அண்ணனின் கையை வாங்கி, விரலின் அடியில் இரண்டு பெருவிரலையும் வைத்து மெல்ல ஒரு அழுத்து. வெள்ளைப் புள்ளியிலிருந்து மஞ்சளாக ஒரு முத்து எட்டிப் பார்த்தது. அதைப் பஞ்சில் ஒற்றி டாக்டரின் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"மோந்து பாருங்க டாக்டர். மனுஷ வாசனையா வருது, வண்டி வாசனையா வருது?"

டாக்டர் முகத்திலிருந்து சிரிப்பு வழித்தெடுத்தது போலப் போய்விட்டது. சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

பன்னிரண்டு பத்து.

*

பெரிய ஆஸ்பத்திரியின் கை சர்ஜன் ஒரு அம்மாள். குள்ளம். கண்ணுக்குக் கீழே கருவளையம். சீட்டைப் படித்தார், விரலைப் பார்த்தார், முன்கையை அங்கங்கே தட்டிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் விரலிலிருந்து உள்ளங்கை வரை நிழல் நிழலாக ஏதோ பரவியிருந்தது.

"யாரு இவரைக் கூட்டிட்டு வந்தது?"

"நான்தாம்மா," என்றான் சின்னவன், திட்டு வாங்கத் தயாராகி.

"நல்ல வேலை பண்ணினே. ஆறு மணி நேரத்துக்குள்ள வந்தா கை. அதுக்கப்புறம் வந்தா கதை. விரல் நிக்குமான்னு சத்தியம் பண்ண முடியாது. உள்ளங்கையைத் திறந்து கழுவிட்டா மீதிக் கை நிக்கும். தியேட்டர் ரெடி பண்ணச் சொல்லிட்டேன்."

சின்னவன் சுவரில் சாய்ந்துகொண்டான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக யாரோ அவனை நல்லது செய்தவன் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் பக்கம் திரும்பினான். அவர் எதிரே இருந்த வெள்ளைச் சுவரை முறைத்துக்கொண்டிருந்தார்.

சர்ஜன் காகிதத்தைப் புரட்டினார். "சர்க்கரை இருக்கா?"

"இல்லை," என்றார் அண்ணன்.

"ரத்தப் பரிசோதனை முன்னூத்து நாற்பதுன்னு சொல்லுது. நீங்க இல்லைங்கறீங்க. யாரை நம்பறது?"

அண்ணன் இடதுகையால் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"மயக்க மருந்து கொடுக்கப் போறேன். பொய் சொன்னா உங்களுக்குத்தான் ஆபத்து. எத்தனை வருஷமா சர்க்கரை? வேற என்ன தொந்தரவு? கால் மரத்துப் போகுதா? கண்ணு?"

அண்ணி சட்டென்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

சர்ஜன் அதைப் பார்த்தார். கையிலிருந்த பேனாவை அண்ணனின் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது என்ன நிறம்?"

"நீலம்."

பேனா சிவப்பு.

சர்ஜன் பேனாவை இடதுபக்கம் கொண்டுபோனார், வலதுபக்கம் கொண்டுபோனார். அண்ணனின் கண்கள் நடுவிலேயே நின்றன.

"அண்ணி..." சின்னவன் அவள் பக்கம் திரும்பினான். "என்ன அண்ணி இது?"

"நடுவுல மட்டும் மங்கலா தெரியும் தம்பி. ஓரமெல்லாம் இருட்டாம்." அண்ணி உடைந்தாள். "யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு பிள்ளைங்க மேல சத்தியம் வாங்கிட்டார். கண்ணு போன மெக்கானிக்குகிட்ட எவன் வண்டியை விடுவான்னு கேட்டார். சாமானெல்லாம் வெச்ச இடத்துல வெச்சபடியே இருக்கணும்பார். நான்தான் ரிப்பேர் சீட்டெல்லாம் படிச்சுச் சொல்லுவேன். அட்டையைப் பிடிச்சா ஈரக் கோடு எங்கே விழுதுன்னு அவருக்குத் தெரியாது. அதான் விரலால..."

"எத்தனை நாளா?"

"இந்த வெயிலோட ரெண்டு வருஷம்."

இரண்டு வருஷம். சின்னவன் மனசுக்குள் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. கிழங்குக்காரரின் கால் போய் எட்டு மாதம்தான் ஆகிறது.

பக்கத்தில் நின்றே பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். கடைசி ஒரு வருஷத்துக்கு மேல் அண்ணனுக்குக் கண் இல்லாமலே அவர் கண்ணைப் பார்த்துப் பிரமித்திருக்கிறான். மூடியைத் திறக்காமலே சீல் போனதைச் சொல்கிறாரே என்று. திறந்தாலும் தெரியாதவருக்குத் திறந்து என்ன ஆகப்போகிறது?

"நீங்களுமா அண்ணி?" என்றான்.

இரண்டு பணியாட்கள் சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அண்ணனை ஏற்றினார்கள். நர்ஸ் ஒரு படிவத்தை நீட்ட, அண்ணன் இடதுகையால் கையெழுத்துப் போட்டார். அது காகிதத்தில் பாதியும் அடியிலிருந்த அட்டையில் பாதியுமாக விழுந்தது. அண்ணி கையைப் பிடித்து, சரியான கட்டத்தில் இன்னொரு முறை போட வைத்தாள்.

மணி ஒன்று முப்பத்தைந்து. கட்டில் நகர்ந்தது. நடைபாதைக் கோடியில் தியேட்டரின் கதவு திறந்திருந்தது.

காலையிலிருந்து நிமிஷம் நிமிஷமாகப் பிடுங்கிச் சேர்த்த அதே சின்னவன், பாய்ந்து போய்க் கட்டிலின் கம்பியைப் பிடித்து நிறுத்தினான்.

"யோவ், விடுய்யா! நேரமாகுது!" பணியாள் அதட்டினான்.

"ஒரே நிமிஷம்." சின்னவன் விடவில்லை. "அண்ணே. என்கிட்ட சொல்லு. அண்ணிகிட்ட சொல்லாதே, என்கிட்ட சொல்லு. அன்னைக்கு நான் கொடுத்த பிஸ்டனை நீதான் உள்ளே தள்ளினே. நீ தள்ளினப்பவே ரிங் அறுந்திருந்துதுன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னே. எதை வெச்சுச் சொன்னே? உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

அண்ணன் கூரையைப் பார்த்துக் கிடந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய் அந்த மனுஷன் நிலத்துல குனியறேன்ணே. அவர் சம்சாரம் எனக்குத் தண்ணியைத் தரையில வெக்கிறாங்க. தெரிஞ்சுதா, தெரியலையா?"

"தம்பி, கையி போயிடும்ப்பா... அப்புறம் பேசிக்கலாம், விடுங்க." அண்ணி அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அவன் நகரவில்லை. தியேட்டர் வாசலில் சர்ஜன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"தெரியலை," என்றார் அண்ணன்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் வார்த்தை. சின்னவனின் பிடி தளர்ந்தது. தெரியாது. சரி. பார்க்காமல் சொல்லியிருக்கிறார். தப்பு யாருடையது என்று அவருக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது. அப்படியாவது இருந்துவிட்டுப் போகட்டும். கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

பணியாட்கள் தள்ளப் போனார்கள். அண்ணனின் இடதுகை நீண்டு, காற்றில் துழாவி, சின்னவனின் சட்டையைப் பற்றியது.

"கண்ணுக்குத்தான் தெரியலை." குரல் இறங்கிக் கிடந்தது. "நீ நல்லாத்தான் ஏத்திக் கொடுத்தே. சிலிண்டர் வாயி கண்ணுக்குப் பிடிபடலை. கோணலா தள்ளிட்டேன். விளிம்புல பட்டு அறுந்த ரப்பர்த் துணுக்கு அப்பவே என் விரல்ல ஒட்டிச்சு. புது ரிங் போடணும்னா ஏன்னு நீ கேட்பே. துணுக்கைச் சட்டையில துடைச்சுட்டு மூடியை முறுக்கிட்டேன்."